ஃபாரின் கீ ஏன் யூனிக் இண்டெக்ஸைக் கேட்கிறது?

மைஎஸ்கியூஎல் என்ற டேட்டாபேஸ் மென்பொருளின் 8.0 பதிப்பில் எந்தத் தொல்லையும் இல்லாமல் ஓடிய ஒரு கிரியேட் டேபிள் கட்டளையை 8.4-இல் கொடுத்தால், சில சமயம் அது நின்றுவிடும். ஃபாரின் கீ சுட்டுகிற டேபிளில் பொருத்தமான யூனிக் கீ இல்லை என்று பிழைச்செய்தி வரும். கட்டளையில் ஓர் எழுத்துகூட மாறவில்லையே, நேற்றுவரை ஓடியதுதானே என்று குழப்பமாக இருக்கும். புதிய பதிப்பில் ஏதோ பிழை என்றுகூடத் தோன்றும்.

பிழை பழைய பதிப்புகளில்தான் இருந்தது. தனித்தன்மை இல்லாத நெடுவரிசையைக்கூட ஃபாரின் கீ சுட்டலாம் என்று மைஎஸ்கியூஎல்லில் தரவைச் சேமிக்கும் பகுதியான இன்னோடிபி எஞ்சின் நெடுங்காலம் அனுமதித்துவந்தது. டேட்டாபேஸ் மொழியான எஸ்கியூஎல்லின் தரநிலையில் அப்படி ஒரு சலுகை கிடையாது. 2024-இல் வந்த 8.4 பதிப்பு அந்தக் கதவை இயல்பாகவே மூடிவைக்கிறது. ஒரு சிஸ்டம் வேரியபிளை மாற்றித் திறந்துகொள்ளலாம், ஆனால் திறக்காமல் இருப்பதே நல்லது. ஏன் என்று பார்க்க, அடிப்படையிலிருந்து வர வேண்டும்.

முதலில் சொற்கள்

ஒரு சிறுபத்திரிகையின் சந்தாக் கணக்கை எடுத்துக்கொள்வோம். இரண்டு டேபிள்கள். ‘சந்தாதாரர்’ டேபிளில் எண், பெயர், கைபேசி, ஊர். ‘சந்தா’ டேபிளில் சந்தா எண், சந்தாதாரர் எண், தொடங்கும் நாள், முடியும் நாள், தொகை.

பிரைமரி கீ: ஒரு வரியை மற்ற எல்லா வரிகளிலிருந்தும் பிரித்துக் காட்டும் அடையாளம். சந்தாதாரர் டேபிளில் அது ‘எண்’. திரும்ப வரக்கூடாது, காலியாகவும் இருக்கக்கூடாது.

யூனிக் இண்டெக்ஸ்: ஒரு நெடுவரிசையின் மதிப்புகளை வரிசைப்படுத்தி வைத்திருக்கும் பட்டியல். கூடவே ஒரே மதிப்பை இரண்டாம் முறை உள்ளே விடாத காவல். பிரைமரி கீ என்று அறிவித்தாலும் டேட்டாபேஸ் உள்ளுக்குள் கட்டுவது பெரும்பாலும் இதைத்தான்.

ஃபாரின் கீ: இந்த டேபிளில் உள்ள மதிப்பு அந்த டேபிளில் கட்டாயம் இருக்க வேண்டும் என்ற விதி. சந்தா டேபிளில் சந்தாதாரர் எண் 41 என்று எழுதினால், சந்தாதாரர் டேபிளில் 41 இருந்தே ஆக வேண்டும். ‘அயல் திறவுகோல்’ என்று மொழிபெயர்ப்பதுண்டு. ‘பக்கத்து வீட்டுச் சாவி’ என்று சொன்னால் பொருள் இன்னும் பிடிபடும். சாவி நம் கையில், பூட்டு அடுத்த டேபிளில். ஐபிஎம்மில் பணியாற்றிய எட்கர் காட் 1970-இல் ரிலேஷனல் மாடலை முன்வைத்த கட்டுரையிலேயே பிரைமரி கீ, ஃபாரின் கீ என்ற இரண்டு சொற்களும் வந்துவிட்டன.

சுட்டப்படும் டேபிளைப் பேரன்ட் என்றும், சுட்டும் டேபிளைச் சைல்டு என்றும் சொல்வது வழக்கம். இங்கே சந்தாதாரர் பேரன்ட், சந்தா சைல்டு.

41 என்றால் யார்?

சந்தாதாரர் டேபிளில் எண்ணுக்கு யூனிக் காவல் இல்லை என்று வைத்துக்கொள்வோம். 41 என்ற எண்ணில் தென்காசிச் செல்வி ஒரு வரி, காயல்பட்டினம் ரஹீம் இன்னொரு வரி. சந்தா டேபிளில் 500-ஆவது சந்தா 41-ஐச் சுட்டுகிறது. இதழை யாருக்கு அனுப்புவது?

அனுப்புவதாவது மனிதர் பார்த்துத் தீர்த்துக்கொள்ளலாம். டேட்டாபேஸுக்கு இதைவிடப் பெரிய சிக்கல் இருக்கிறது. பேரன்ட் வரி போனால் சைல்டு வரியும் போகட்டும் (கேஸ்கேட்) என்று ஃபாரின் கீயில் எழுதியிருக்கிறோம். இப்போது செல்வியின் வரியை நீக்குகிறோம். 500-ஆவது சந்தா போக வேண்டுமா, இருக்க வேண்டுமா? செல்வி போய்விட்டார் என்பதால் போக வேண்டும். 41 இன்னும் இருக்கிறது என்பதால் இருக்க வேண்டும். இரண்டு பதிலுக்கும் நியாயம் உண்டு என்றால் விதியே இல்லை என்றுதான் பொருள். இப்படிப்பட்ட ஃபாரின் கீயில் நீக்கமும் மாற்றமும் எப்படி நடக்கும் என்பது சரியாக வரையறுக்கப்படவில்லை என்று மைஎஸ்கியூஎல் கையேடே ஒப்புக்கொள்கிறது.

இன்னொரு டேட்டாபேஸான போஸ்ட்கிரெஸ் ஆரம்பத்திலேயே இதை மறுத்துவிடும். அங்கேயும் யூனிக் இண்டெக்ஸ் என்று பெயர் இருந்தால் மட்டும் போதாது. ஒரு நிபந்தனைக்குள் வரும் வரிகளுக்கு மட்டும் கட்டிய பகுதி இண்டெக்ஸை ஃபாரின் கீ சுட்ட முடியாது. ‘சிறிய எழுத்தாக மாற்றியபின் தனித்தன்மை’ என்பதுபோல் கணக்கீட்டின்மேல் கட்டிய இண்டெக்ஸையும் முடியாது. கமிட் (மாற்றங்களை நிலையாக்கும் கட்டளை) வரை சோதனையைத் தள்ளிப்போட அனுமதிக்கும் யூனிக் கட்டுப்பாட்டுக்கும் இடமில்லை. மூன்றுக்கும் காரணம் ஒன்றே: டேபிளின் எல்லா வரிகளிலும், எந்தக் கணத்திலும், அந்த மதிப்பு ஒன்றே ஒன்றுதான் என்று அவற்றால் உறுதி தர முடியாது.

ஆப்பிலேயே பார்த்துக்கொண்டால் போதாதா?

‘இந்த எண் இருக்கிறதா என்று செலக்ட் போட்டுப் பார்த்துவிட்டுத்தானே இன்சர்ட் போடுகிறோம், இதற்கு இண்டெக்ஸ் எதற்கு?’ என்பது அடிக்கடி வரும் கேள்வி. ஒருவர் மட்டும் பயன்படுத்தும் மென்பொருளில் அது போதும். இரண்டு பேர் வந்ததும் இப்படி ஆகும்:

1. முதல் கவுன்டரில் ஒருவர் ஒரு கைபேசி எண்ணைக் கொடுக்கிறார். செலக்ட் ஓடுகிறது. அந்த எண் இல்லை.
2. அதே நொடியில் இணையத்தில் அவர் மகன் அதே எண்ணைக் கொடுக்கிறார். செலக்ட் ஓடுகிறது. இன்னும் இல்லை.
3. கவுன்டரிலிருந்து இன்சர்ட்.
4. இணையத்திலிருந்து இன்சர்ட்.

இரண்டு சோதனையும் சரியாகத்தான் நடந்தன. ஆனாலும் டேபிளில் ஒரே எண் இரண்டு முறை. பட்டனை இருமுறை அழுத்தும் வாடிக்கையாளர் ஒருவரே போதும், இது நடக்க. நிரலை எழுதிப் பார்க்கும்போது ஒருநாளும் நடக்காது. கூட்டம் வரும் நாளில்தான் நடக்கும்.

யூனிக் இண்டெக்ஸ் இதை எப்படித் தடுக்கிறது? சோதிப்பதும் சேர்ப்பதும் அங்கே ஒரே செயல். ஒரு மதிப்பு இண்டெக்ஸ் மரத்தில் எந்தப் பக்கத்தில் அமர வேண்டுமோ அந்தப் பக்கத்துக்கு இரண்டு பேரும் வந்துதான் ஆக வேண்டும். அந்தப் பக்கத்தை ஒரு நேரத்தில் ஒருவர்தான் திருத்த முடியும். முதலாமவர் எழுதிவிட்டு இன்னும் கமிட் செய்யவில்லை என்றால், இரண்டாமவர் காத்திருப்பார். முதலாமவர் கமிட் செய்தால் இரண்டாமவருக்கு டூப்ளிகேட் பிழை. முதலாமவர் ரோல்பேக் செய்தால் (மாற்றத்தைக் கைவிட்டால்) இரண்டாமவருக்கு இடம் கிடைக்கும். ரெயில்ஸ் போன்ற ஃபிரேம்வொர்க்குகளில் தனித்தன்மைச் சோதனை என்று ஒரு வரி எழுதலாம். அது பயனருக்கு அழகான செய்தி காட்ட உதவும், அவ்வளவுதான். உள்ளே ஓடுவது மேலே பார்த்த அதே செலக்ட்.

ஃபாரின் கீக்கும் இதே கதை. பேரன்ட் இருக்கிறதா என்று ஆப் பார்த்துவிட்டு, சைல்டு வரியை எழுதுவதற்குள் வேறொருவர் பேரன்டை நீக்கிவிடலாம். போஸ்ட்கிரெஸ் சைல்டு வரி நுழையும்போது பேரன்ட் வரியைத் தேடி, அதன்மேல் ஒரு மெல்லிய பூட்டைப் போட்டுவிடும். கமிட் ஆகும்வரை அந்தப் பேரன்டை நீக்க முடியாது. அந்தத் தேடலும் பேரன்டின் யூனிக் இண்டெக்ஸ் வழியாகத்தான் நடக்கிறது.

மறுபக்கத்து இண்டெக்ஸ் வேறு சமாச்சாரம்

அனுபவசாலிகளும் வழுக்கும் இடம் இது. ‘ஃபாரின் கீக்கு இண்டெக்ஸ் வேண்டும்’ என்ற ஒரே வாக்கியத்துக்குள் இரண்டு வேறு இண்டெக்ஸ்கள் ஒளிந்திருக்கின்றன.

பேரன்ட் பக்கம் இருப்பது சரித்தன்மைக்கானது. அது யூனிக். தரநிலைப்படி அது இல்லாமல் ஃபாரின் கீயை உருவாக்கவே முடியாது.

சைல்டு பக்கம் இருப்பது வேகத்துக்கானது. அது யூனிக் ஆக இருக்கத் தேவையில்லை. ஒருவர் பத்து ஆண்டுகளில் பத்து சந்தா கட்டியிருப்பாரே. இன்னோடிபி இதைத் தானாகவே கட்டிவிடும். போஸ்ட்கிரெஸ், ஆரக்கிள், எஸ்கியூஎல் சர்வர் மூன்றும் கட்டாது. கட்டவில்லை என்று எச்சரிக்கவும் செய்யாது.

கட்டாவிட்டால் என்ன? சேர்க்கும்போது ஒன்றும் தெரியாது. நீக்கும்போதுதான் தெரியும். சந்தாதாரர் ஒருவரை நீக்கினால், அவரைச் சுட்டும் சந்தா ஏதாவது இருக்கிறதா என்று டேட்டாபேஸ் பார்த்தாக வேண்டும். சைல்டில் இண்டெக்ஸ் இல்லையென்றால் முழு டேபிளையும் புரட்ட வேண்டும். அதுவும் நீக்கப்படும் ஒவ்வொரு பேரன்ட் வரிக்கும் ஒருமுறை. சைல்டில் 1 கோடி வரிகள், நீக்க வேண்டிய பேரன்ட் 1,000 என்றால், 1,000 கோடி வரிகளைப் பார்க்கும் வேலை. ‘ஆயிரம் வரியை டெலீட் செய்ய ஏன் மணிக்கணக்கில் ஓடுகிறது?’ என்று கேட்பவர்களுக்குப் பெரும்பாலும் பதில் இதுதான். சோதனை உள்ளே ஓடும் டிரிகர் (ஒரு மாற்றம் நடந்ததும் தானாக ஓடும் நிரல்) வழியாக நடப்பதால், போஸ்ட்கிரெஸில் திட்டத்தை மட்டும் காட்டும் வெறும் எக்ஸ்பிளெய்ன் போட்டால் இது வெளியே தெரியாது. எக்ஸ்பிளெய்ன் அனலைஸ் போட்டால் கடைசியில் டிரிகர் நேரம் என்று ஒரு வரி வரும். அங்கே பெரிய எண் நிற்கும். அனலைஸ், கொடுத்த கட்டளையை உண்மையிலேயே ஓட்டிவிடும் என்பதால், டிரான்சாக்ஷனுக்குள் (சேர்ந்தே நிலைக்கும் அல்லது சேர்ந்தே ரத்தாகும் கட்டளைத் தொகுதி) போட்டு ரோல்பேக் செய்ய மறக்காதீர்கள்.

ஆரக்கிளில் இன்னொரு வினை. சைல்டு பக்கம் இண்டெக்ஸ் இல்லாமல் பேரன்டை நீக்கினாலோ அதன் கீயை மாற்றினாலோ, சைல்டு டேபிள் முழுவதற்கும் பூட்டு விழும்.

பூட்டும் டெட்லாக்கும்

இன்னோடிபியில் சைல்டு வரி சேர்க்கும்போது பேரன்ட் வரியின்மேல் பகிர்வுப் பூட்டு விழுகிறது. பகிர்வு என்றால் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் வைத்திருக்கலாம். இப்போது சந்தாதாரர் டேபிளில் ‘மொத்தச் சந்தா’ என்று ஓர் எண்ணிக்கை நெடுவரிசை இருக்கிறது, சந்தா சேர்த்ததும் அதை ஒன்று கூட்டுகிறோம் என்று வையுங்கள். ஒரே சந்தாதாரருக்கு இரண்டு டிரான்சாக்ஷன்கள் ஒரே நேரத்தில் சைல்டு வரி சேர்க்கின்றன. இரண்டு கையிலும் பகிர்வுப் பூட்டு. அடுத்து இரண்டும் பேரன்டை அப்டேட் செய்யத் தனிப்பூட்டுக் கேட்கின்றன. ஒன்று விட்டால்தான் மற்றதற்குக் கிடைக்கும், இரண்டும் விடாது. டெட்லாக்.

அப்டேட்டை முதலிலும் இன்சர்ட்டை அடுத்தும் போட்டால் இது தீர்ந்துவிடும். முதலில் தனிப்பூட்டை வாங்கியவர் வேலையை முடித்துவிடுவார், மற்றவர் சும்மா காத்திருப்பார். இரண்டு வரிகளை இடம் மாற்றும் வேலைதான்.

போஸ்ட்கிரெஸிலும் ஒருகாலத்தில் இதே தொல்லை இருந்தது. 2013-இல் வந்த 9.3 பதிப்பு, ‘இந்த வரியின் கீயை மட்டும் மாற்றாதே’ என்ற அளவிலான மெல்லிய பூட்டைக் கொண்டுவந்தது. கீ அல்லாத நெடுவரிசையை அப்டேட் செய்வது அதோடு மோதாது. எது கீ என்று அறிய, வரியின் எந்த நெடுவரிசைகளில் ஃபாரின் கீ சுட்டத்தக்க யூனிக் இண்டெக்ஸ் இருக்கிறது என்று அது பார்க்கிறது. யூனிக் இண்டெக்ஸ் இங்கேயும் வந்துவிட்டது.

‘நல்’ என்னும் ஓட்டை

மதிப்பு இல்லை என்பதைக் குறிக்கும் நல். தமிழில் படித்தால் ஏதோ நல்லதுபோல் ஒலிக்கும், அப்படியில்லை. ஒரு நல் இன்னொரு நல்லுக்குச் சமமல்ல என்பது எஸ்கியூஎல் கொள்கை. ஆகவே யூனிக் இண்டெக்ஸ் உள்ள நெடுவரிசையில் எத்தனை நல் வேண்டுமானாலும் நுழையும். எஸ்கியூஎல் சர்வர் மட்டும் ஒன்றே ஒன்றைத்தான் விடும்.

இதில் நாள்தோறும் நடக்கும் தவறு ஒன்று. ஒருவருக்கு நடப்பில் ஒரு சந்தாதான் இருக்க வேண்டும், ரத்தானவை எத்தனை இருந்தாலும் பரவாயில்லை என்பது விதி. ‘சந்தாதாரர் எண், ரத்தான தேதி’ இரண்டையும் சேர்த்து யூனிக் இண்டெக்ஸ் போடுகிறார்கள். நடப்புச் சந்தாவில் ரத்தான தேதி நல். நல் நல்லுக்குச் சமமில்லை. ஆக, போஸ்ட்கிரெஸிலும் மைஎஸ்கியூஎல்லிலும் 41-ஆம் எண்காரருக்கு நடப்புச் சந்தா ஐம்பதுகூடப் போடலாம், இண்டெக்ஸ் வாய் திறக்காது. எதைத் தடுக்கக் கட்டினார்களோ அதை மட்டும் தடுக்காத இண்டெக்ஸ்!

போஸ்ட்கிரெஸில் இதற்குச் சரியான வழி, ரத்தான தேதி நல்லாக இருக்கும் வரிகளுக்கு மட்டும் சந்தாதாரர் எண்ணின்மேல் பகுதி யூனிக் இண்டெக்ஸ். 15-ஆம் பதிப்பிலிருந்து நல்களையும் சமமாகக் கருது என்று சொல்லும் வசதியும் உண்டு. மைஎஸ்கியூஎல்லில் பகுதி இண்டெக்ஸ் இல்லை. நடப்பில் இருந்தால் 1, இல்லாவிட்டால் நல் என்று தானாகக் கணக்கிட்டு நிரம்பும் ஒரு ஜெனரேட்டட் நெடுவரிசை வைத்து, அதைச் சந்தாதாரர் எண்ணோடு சேர்த்து யூனிக் ஆக்கலாம். ஓட்டையையே கதவாக்கும் வேலை, ஆனால் நன்றாக ஓடும்.

ஃபாரின் கீயிலும் நல் புகும். இரண்டு நெடுவரிசைகள் சேர்ந்த ஃபாரின் கீயில் ஒன்று நல்லாக இருந்தால், மற்றதில் உள்ள மதிப்பைச் சோதிக்காமலே விட்டுவிடுவதுதான் இயல்பு நடத்தை. இரண்டுக்கும் நாட்-நல் போட்டுவிடுவதே எளிய தீர்வு.

கண்ணுக்கு ஒன்று, இண்டெக்ஸுக்கு இரண்டு

யூனிக் இண்டெக்ஸ் ஒப்பிடுவது பைட்டுகளையும் கொலேஷன் (எழுத்துகளை ஒப்பிட்டு வரிசைப்படுத்தும்) விதிகளையும்தான், பொருளை அல்ல. முன்னால் 0 போட்ட கைபேசி எண்ணும் +91 போட்டதும் அதற்கு வேறு வேறு.

தமிழ் எழுத்தில் இது இன்னும் நுட்பமானது. ‘கொற்கை’ என்ற ஊரின் முதலெழுத்தை யூனிகோடில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம். க-வுக்குப்பின் ஒகரக் குறியை ஒரே குறியீடாக வைக்கலாம். யுடிஎஃப்-8-இல் மொத்தம் 6 பைட். அல்லது க-வுக்குப்பின் எகரக் கொம்பும் காலும் தனித்தனிக் குறியீடுகளாக வரலாம், 9 பைட். திரையில் துளி வேறுபாடும் தெரியாது. யூனிகோடும் இரண்டும் ஒன்றே என்றுதான் சொல்கிறது. போஸ்ட்கிரெஸின் இயல்பான கொலேஷனுக்கோ அவை இரண்டு ஊர்கள். ஊர்ப்பெயரை யூனிக் ஆக்கினாலும் இரண்டும் உட்கார்ந்துகொள்ளும். ஊர்ப்பெயரை ஃபாரின் கீயாக வைத்திருந்தால், கண்முன் இருக்கும் கொற்கையை ‘இல்லை’ என்று டேட்டாபேஸ் சாதிக்கும்.

உள்ளே வரும்போதே என்எஃப்சி என்ற யூனிகோடின் ஒரே சீர்வடிவத்துக்கு மாற்றிவிடுவதுதான் வழி. போஸ்ட்கிரெஸ் 13 முதல் அதற்கான நார்மலைஸ் ஃபங்ஷன் உள்ளேயே இருக்கிறது. அந்த வடிவத்தில் இல்லாததை ஏற்காதே என்று செக் கட்டுப்பாடும் போடலாம். ஆனால் ஔ என்ற ஒரே எழுத்தையும், ஒ-வையும் ள-வையும் அடுத்தடுத்துத் தட்டியதையும் இது ஒன்றாக்காது. யூனிகோடைப் பொறுத்தவரை அவை உண்மையிலேயே வேறு எழுத்துகள்.

பெயரையும் கைபேசி எண்ணையும் ஃபாரின் கீயாக வைக்காமல், பொருளற்ற ஓர் எண்ணை வைப்பது நல்லது என்று சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். கைவிடப்பட்ட கைபேசி எண் பிறகு வேறொருவருக்குப் போய்விடும் என்பது இன்னொன்று.

ஓடிக்கொண்டிருக்கும் டேட்டாபேஸில் சேர்ப்பது

புதிதாகத் தொடங்குவோருக்குக் கவலையில்லை. பல ஆண்டு ஓடிய டேபிளில் இவற்றைச் சேர்ப்பதில்தான் கஷ்டம். போஸ்ட்கிரெஸில் வரிசை இப்படி:

1. பேரன்டில் திரும்ப வரும் மதிப்புகளைக் குரூப் பை போட்டுக் கண்டுபிடியுங்கள். இரண்டில் எதை வைப்பது என்பதை மனிதர்தான் முடிவு செய்ய வேண்டும். விடப்போகும் வரியைச் சுட்டும் சைல்டு வரிகளை முதலில் மாற்றிவிட்டு அப்புறம் நீக்குங்கள்.
2. பேரன்ட் இல்லாத அநாதை வரிகளை லெஃப்ட் ஜாயின் போட்டுக் கண்டுபிடியுங்கள். அழிக்க அவசரப்பட வேண்டாம். தொகை உள்ள வரி என்றால் கணக்குப் பார்ப்பவரிடம் கேட்டுவிடுங்கள்.
3. யூனிக் இண்டெக்ஸைக் கன்கரன்ட்லி என்ற சொல்லோடு கட்டுங்கள். எழுதுபவர்கள் நிற்க வேண்டியிருக்காது. இடையில் டூப்ளிகேட் கண்ணில் பட்டால் கட்டுமானம் தோற்று, செல்லாத இண்டெக்ஸ் ஒன்று பின்தங்கும். செல்லாது என்றாலும், எந்தக் கட்டத்தில் தோற்றது என்பதைப் பொறுத்து அது புதிய டூப்ளிகேட்டுகளைத் தடுத்துக்கொண்டே இருக்கலாம். டிராப் செய்துவிட்டு மறுபடி தொடங்குங்கள்.
4. சைல்டு நெடுவரிசைக்குச் சாதாரண இண்டெக்ஸ், அதே கன்கரன்ட்லி முறையில்.
5. ஃபாரின் கீயை நாட்-வேலிட் என்று சேர்த்தால், இனி வரும் வரிகள் மட்டும் சோதிக்கப்படும், பூட்டு நொடிப்பொழுதுதான். பிறகு தனியாக வேலிடேட் கொடுத்தால் பழைய வரிகளையும் பார்க்கும். அப்போது எழுதுவது நிற்காது.

பேரன்ட் போனால் என்ன செய்வது என்ற தேர்வில், பணம் சம்பந்தப்பட்ட டேபிளுக்குக் கேஸ்கேட் வேண்டவே வேண்டாம் என்பது என் கருத்து. மைஎஸ்கியூஎல் 8.0, 8.4 பதிப்புகளில் கேஸ்கேட் வழியாகப் போகும் சைல்டு வரிகளுக்கு டிரிகர் ஓடாது. தணிக்கைப் பதிவை டிரிகரில் எழுதியிருந்தால் போனதற்குத் தடமே இருக்காது.

எழுதியிருக்கும், ஆனால் காக்காது

கட்டளையில் ஃபாரின் கீ என்று இருப்பதாலேயே அது வேலை செய்கிறது என்று நம்பிவிட முடியாத இடங்களும் உண்டு.

மைஎஸ்கியூஎல் 5.5-க்கு முன் இயல்பான எஞ்சினாக இருந்த மைஐசாம், ஃபாரின் கீயைப் படித்துவிட்டு அப்படியே மறந்துவிடும். எஸ்கியூலைட்டில் 2009-இல் இந்த வசதி வந்தது. ஆனால் இயல்பில் அணைந்தே இருக்கும். ஒவ்வொரு கனெக்ஷனிலும் பிராக்மா கட்டளை கொடுத்து இயக்க வேண்டும். கைபேசி ஆப் எழுதுவோர் பலர் இதை அநாதை வரிகளைப் பார்த்தபின்தான் அறிகிறார்கள்.

பெரிய அளவில் தரவைக் குவித்து ஆராயும் அமேசான் ரெட்ஷிஃப்ட்டில் பிரைமரி கீ, யூனிக், ஃபாரின் கீ மூன்றையும் எழுதலாம், எதுவும் அமலாகாது. கூகுள் பிக்குவெரியும் தன் பிரைமரி கீயையும் ஃபாரின் கீயையும் அப்படித்தான் வைத்திருக்கிறது. வெறும் அலங்காரம் என்றால் போகட்டும் எனலாம். குவெரியை வேகப்படுத்தும் பகுதி அந்த அறிவிப்பை உண்மை என்று நம்பித் திட்டம் போடும். இந்த நெடுவரிசை யூனிக் என்று சொல்லிவிட்டீர்கள், அப்புறம் திரும்ப வருவதை நீக்கும் டிஸ்டின்க்ட் எதற்கு என்று அந்த வேலையையே அது தவிர்த்துவிடலாம். உள்ளே 41 இரண்டு முறை இருந்தால், டிஸ்டின்க்ட் போட்ட விடையிலேயே செல்வியும் ரஹீமும் 41, 41 என்று இரண்டு தடவை வந்து நிற்பார்கள்.